குளிர் பிள்ளைக்கா, நமக்கா?

மார்கழிக் காலை ஆறே முக்கால் மணிக்குத் திண்டுக்கல் ஆர்.எம். காலனிப் பக்கம் ஏதாவது ஒரு தெருமுக்கில் போய் நின்று பாருங்கள். பள்ளி வேனுக்காக ஒரு கூட்டம் காத்திருக்கும். அப்பாக்கள் அரைக்கைச் சட்டையில். அம்மாக்கள் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு. நடுவில் எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளை. அதன் உடம்பில் பனியன், பனியன் மேல் யூனிபார்ம் சட்டை, சட்டை மேல் ஸ்வெட்டர், காதையும் கழுத்தையும் மூடிய மங்கி குல்லா, காலில் சாக்ஸ், ஷூ, முதுகில் பை. துணியின் கனத்தில் கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் தள்ளி நிற்கும். கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே. மூக்குக்குக் கீழே பொடிப்பொடியாக வியர்த்திருக்கும். அதைச் சளி என்று நினைத்து அம்மா கைக்குட்டையால் துடைத்துவிடுவார்.

எத்தனை டிகிரி குளிருக்கு இவ்வளவு ஏற்பாடு என்று நம்மில் யாராவது யோசித்திருக்கிறோமா?

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். விடியற்காலையில் சிறுமலைப் பக்கம் புகைபோல் மூட்டம் நிற்பதும் உண்மைதான். ஆனாலும் திண்டுக்கல் நகரத்தில், மார்கழி தையில்கூட, அதிகாலைச் சூடு 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. காலை பத்து மணிக்கு மலைக்கோட்டைப் பாறையில் கை வைத்தால் சுடும். நிஜக் குளிர் நம் மாவட்டத்தில் இல்லாமல் இல்லை, அது கொடைக்கானலில் இருக்கிறது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். நம் ஊர் 300 மீட்டர்கூட இல்லை. ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் இங்கே 20 என்றால் அங்கே 8. அதனால்தான் மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் பூட்ஸும் தமிழக அரசே இலவசமாகக் கொடுக்கிறது. அங்கே அது தேவை. நாம் செய்வது என்னவென்றால், கொடைக்கானல் ஏரிக்கரைக் குளிருக்குத் தைத்த உடுப்பைத் திண்டுக்கல் நாகல் நகரில் மாட்டிவிடுகிறோம்.

ஏன் செய்கிறோம் என்று கேட்டால் நமக்கே தெரியும். பயம். போன வருஷம் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி இரவெல்லாம் இளைத்தது, ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தோம், நான்கு நாள் பள்ளி போகவில்லை, நடுவில் ஒரு டெஸ்ட் தவறிப்போனது. அந்த நான்கு நாளை மறுபடி பார்க்கக் கூடாது என்றுதான் குல்லாவை இழுத்து இழுத்து மாட்டுகிறோம். அன்பில் குறையில்லை. ஆனால் சளி வைரஸால் வருவது. குல்லாவுக்கு அதைத் தடுக்கத் தெரியாது. ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடிய வேனில் பிள்ளைகளை நெருக்கி அடைத்து அனுப்புகிறோமே, ஒன்று தும்மினால் அத்தனைக்கும் போய்ச் சேருவதற்கு அதைவிட வசதியான இடம் வேறென்ன இருக்கிறது? ‘பனி உள்ள வரும், கண்ணாடியை ஏத்தி விடுங்கண்ணே’ என்று டிரைவரிடம் சொல்வதும் நாம்தானே?

வீட்டுக்குள் வந்தால் அது இன்னொரு கூத்து. இரவு எட்டு மணிக்கே ஜன்னல் சாத்தியாகிவிட்டது, ஃபேன் நிறுத்தியாகிவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பிள்ளை, மேலே கம்பளி. நள்ளிரவில் பிள்ளை கம்பளியை உதைத்துத் தள்ளும். நாம் தூக்கக் கலக்கத்திலேயே மறுபடி இழுத்துப் போர்த்துவோம். அது மறுபடி உதைக்கும். காலையில் எழுந்து பக்கத்து வீட்டில் சொல்வோம்: ‘ராத்திரி பூரா போர்வையே நிக்க மாட்டேங்குது, அவ்வளவு சேட்டை.’

அது சேட்டையா? பேச்சு சரியாக வராத பிள்ளை காலால் சொன்ன பதில் இல்லையா?

கொஞ்சம் பேச வந்த பிள்ளை வாயாலேயே சொல்கிறது: ‘வேணாம்மா, சூடா இருக்கு.’ அதற்கு நம் வாயில் தயாராக ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘சும்மா இரு, உனக்குத் தெரியாது.’ தமிழ்நாட்டில் பிள்ளைகள் அதிகமாகக் கேட்கிற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பசிக்கவில்லை என்றால் உனக்குத் தெரியாது, தூக்கம் வருகிறது என்றால் உனக்குத் தெரியாது, புழுங்குகிறது என்றாலும் உனக்குத் தெரியாது. நான்கு வயதில் தன் தோலில் உறைப்பது தனக்குத் தெரியாது என்று ஒரு பிள்ளை ஒப்புக்கொண்டுவிட்டால், பதினான்கு வயதில் தனக்கு எது பிடிக்கும், எது தாங்கவில்லை என்று அது எப்படிச் சொல்லும்? அப்போது நாமே கேட்போம், ‘வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?’ என்று.

கைக்குழந்தை விஷயம் வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தைக்கு உடம்பின் எடைக்கு மேல்தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பெரியவர்களைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. ஆகவே பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டு சுற்றுத் துணி கூடுதலாக வேண்டும். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் முறையை 1978-இல் கொலம்பியா நாட்டின் போகோட்டாவில் ஒரு மருத்துவர் தொடங்கிவைத்தார். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அதைத்தான் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். தாயின் உடம்பைவிட அளவறிந்து சூடு கொடுக்கிற கம்பளி ஏது? அதே குழந்தையை மூடிய அறையில் குல்லாவும் போட்டுக் கனத்த போர்வையும் போர்த்தித் தூங்கவைப்பது ஆபத்து என்றும் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். உடம்பு அளவுக்கு மேல் சூடாவது, தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவதற்கான காரணங்களோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஓடியாடுகிற மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் நமக்கு என்ன துணி போதுமோ அதே போதும். சந்தேகமாக இருந்தால் பிள்ளையின் பிடரியில், சட்டைக் காலருக்குக் கீழே, இரண்டு விரலை வையுங்கள். வெதுவெதுப்பாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் சரி. நசநசவென்றிருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கை காலைத் தொட்டுப் பார்த்து ‘ஐயோ, சில்லுனு இருக்கே’ என்று பதற வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளின் கை கால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பெட்டியிலிருந்து எடுக்கிற ஸ்வெட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூத்த பிள்ளைக்கு அம்மாச்சி பின்னிக் கொடுத்ததைப் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்போம். சின்னது பிறந்ததும் எடுத்து, அந்த வாசனையோடே மாட்டிவிடுவோம். அந்த உருண்டையில் இருப்பது நாப்தலீன். ஜி-6-பி-டி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு இந்த வாடை பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். நம் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்? துவைத்து, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டு, வாடை அறவே போன பிறகு மாட்டுங்கள். வெயிலுக்கா நம் ஊரில் பஞ்சம்? அதைவிட, பாச்சை உருண்டையே போடாமல் வைப்பது உத்தமம்.

இத்தனை கவனமாகக் குளிரை விரட்டுகிற நாம் பள்ளி ஆண்டு விழா அன்று என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திறந்தவெளி மைதானம், மாலை ஆறு மணிக்கு விழா. சிறப்பு விருந்தினர் வந்துசேர ஏழரை. அதுவரை யூ.கே.ஜி. பிள்ளைகள் வரிசையில். உடம்பில் கையில்லாத சாட்டின் கவுன், முதுகில் அட்டைச் சிறகு, முகத்தில் அப்பிய பவுடர். பனி இறங்குகிறது. இப்போது நிஜமாகவே பிள்ளை சொல்கிறது, குளிருது என்று. கையில் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டே அம்மா சொல்கிறார்: ‘டான்ஸ் முடியட்டும் தங்கம், இப்பப் போட்டா டிரெஸ் மறைஞ்சிடும், போட்டோல நல்லா இருக்காது.’

குளிராதபோது மூடினோம், குளிர்ந்தபோது திறந்துவிட்டோம். இரண்டிலும் கேட்கப்படாத ஆள் ஒருவர்தான். அப்படியானால் அந்த ஸ்வெட்டர் உண்மையில் யாருக்காக?

கொடைக்கானல் பயணத்திலும் இதே கதைதான். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்த பிள்ளை ஏரிக்கரையில் சுருண்டு உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி நிறுத்தி, அங்கேயே வாங்கிய புது ஸ்வெட்டரைப் போட்டு, குதிரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ‘சிரி, சிரி’ என்போம். சிரிப்பு வராவிட்டால் கோபம் வரும். ‘இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தா…’ இந்த வாக்கியத்தின் மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

நாம் வாங்குவதும் பெரும்பாலும் கம்பளி இல்லை. குளிர்காலம் பிறப்பதற்கு முன்பே தமிழ்நாட்டு ஊர்களில் சாலையோரம் கயிறு கட்டி ஸ்வெட்டர் தொங்கவிடுவார்கள். திபெத்திய அகதிக் குடும்பங்கள் பஞ்சாபின் லூதியானாவில் மொத்தமாக வாங்கி வந்து விற்பதும் அதில் உண்டு. அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. குறைந்த விலைக்குக் கிடைக்கிற பஞ்சுபோன்ற ரகமெல்லாம் பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் குடும்பத்து நூல். நிஜக் கம்பளி தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் ஈரம் தெரியாமல் இருக்கும். அக்ரிலிக் அநேகமாக எதையும் உறிஞ்சாது. வியர்வை உள்ளேயே நின்று, கழுத்தில் வேர்க்குருவாகத் தெறிக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமா? ஓர் இழையைப் பிய்த்து, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது, நெருப்பில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, கசக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சினால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் அக்ரிலிக்.

நல்ல கம்பளிக்கும் நம் மாவட்டத்துக்கும் உறவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் 1965-இலிருந்து இயங்குகிறது. பாரத் மெரினோ என்கிற மென்மயிர் ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். கீழே, அய்யலூர் ஆட்டுச்சந்தைக்கு வருகிற செம்மறிகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு உடம்பில் குட்டை முடிதான். இந்தச் சமவெளி வெயிலுக்குக் கம்பளி வேண்டாம் என்று ஆட்டுக்கே தெரிந்திருக்கிறது!

நம் பக்கத்துக்குப் பருத்தி போதும். வேடசந்தூர் வட்டாரம் முழுக்க நூற்பாலைகள், ஒட்டன்சத்திரம் வழியே போனால் திருப்பூர். ஒரு முழுக்கைப் பருத்தி பனியன், அதன்மேல் சட்டை. வேண்டுமானால் கையில்லாத ஒரு மெல்லிய ஸ்வெட்டர். இருசக்கர வண்டியில் கூட்டிப்போகிறவர்கள் காற்றுக்குக் காதை ஒரு துணியால் கட்டலாம், இறங்கியதும் அவிழ்த்துவிடலாம். தூக்கத்துக்கு அப்பத்தாவின் பழைய சின்னாளபட்டிச் சேலையை நாலாக மடித்துப் போர்த்தினால் எந்தக் கம்பளியும் பக்கத்தில் நிற்க முடியாது.

அப்படியானால் ஸ்வெட்டர் பின்னுவதே வீண் வேலையா? இல்லை. இங்கேதான் நாம் தொலைத்த ஒன்று இருக்கிறது.

வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பின்னிய காலத்தில் பிள்ளையைத் தொடாமல் பின்ன முடியாது. முதலில் மார்ச்சுற்றளவு பார்க்க வேண்டும், பிறகு தோள், பிறகு கை நீளம். அடிப் பார்டருக்கு 12-ஆம் நம்பர் ஊசி, உடம்புக்கு 10-ஆம் நம்பர். இந்த ஊசிகளில் நம்பர் கூடக்கூட ஊசி மெல்லிசு. பார்டரில் ஒரு கண்ணி நேராக, ஒரு கண்ணி திருப்பிப் போட்டால்தான் எலாஸ்டிக் மாதிரி இழுபட்டு இடுப்பில் நிற்கும். கழுத்து வந்ததும்தான் பின்னுகிறவரின் கைத்திறன் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பை ஒப்பிடத் தலை பெரிது. பெரியவர்களுக்குப்போல் கழுத்தை மூடிப் பின்னிவிட்டால் தலை நுழையாது, காது மடங்கும், பிள்ளை வீறிடும். அதனால் ஒரு தோளைத் திறந்து விட்டு, அங்கே மூன்று பித்தான் வைப்பார்கள். பாதி பின்னியதும் பிள்ளையைக் கூப்பிட்டு மேலே வைத்துப் பார்ப்பார்கள். ‘குத்துதா சாமி? இறுக்குதா?’ என்று கேட்பார்கள். இறுக்குகிறது என்றால் ஆறு வரிசையைப் பிரித்துவிட்டு மறுபடி பின்னுவார்கள். பிள்ளையின் ‘ஆமா’வுக்கு ஆறு வரிசையைப் பிரிக்கிற அளவுக்கு மதிப்பு இருந்தது. இன்று நாம் அதன் எந்த ‘ஆமா’வுக்கு எதைப் பிரிக்கத் தயாராக இருக்கிறோம்?

நூல் இப்போதும் வீட்டுக்கு வருகிறது, வேறு வழியில். பள்ளியில் கைவேலை என்று சொல்லி அனுப்புவார்கள்: உல்லன் நூலில் பூ, உல்லன் நூலில் கோழிக்குஞ்சு, வெள்ளிக்கிழமைக்குள். வியாழன் இரவு பதினொரு மணிக்கு, பிள்ளை தூங்கிய பிறகு, அம்மா யூடியூபைப் பார்த்துக்கொண்டே நூலைச் சுற்றுவார். அப்பா பெவிகால் தேடுவார். மறுநாள் மிஸ் ‘வெரி குட்’ போட்டு அனுப்புவார். யாருக்கு வெரி குட்? மாலையில் பிள்ளை ஆசைப்பட்டு அந்த நூல்கண்டைத் தொட்டபோது ‘சிக்காக்கிடாத, குடு’ என்று பிடுங்கி அலமாரி மேல் வைத்தோமே!

கைவேலை படிப்புக்கு வெளியே நிற்கிற அலங்காரம் இல்லை என்று சொன்னவர்கள் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மையக் கருத்தே, ஒரு கைத்தொழில் வழியாகப் பிள்ளை கணக்கும் மொழியும் உலகமும் கற்கலாம் என்பதுதான். ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. அந்த எண்ணத்தோடு 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியதுதான் நம் மதுரை ரோட்டில் இருக்கிற காந்திகிராமம். பஸ்ஸில் எத்தனை தடவை அதைக் கடந்து போகிறோம்! ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1919-இல் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகளில் இன்றும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ஆண் பெண் பேதமில்லாமல், ஊசி பிடித்துப் பின்னக் கற்கிறார்கள். கண்ணியை எண்ணுவது கணக்கு. ஒன்று தவறினால் அது பின்னலிலேயே தெரிந்துவிடும், சிவப்பு மையில் யாரும் சுழிக்க வேண்டாம். நம் வீட்டிலோ அதே வயதுப் பிள்ளை மாலை ஆறு மணிக்கு அபாகஸ் வகுப்பில் மணிகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்கு லெவல் இருக்கிறது, சர்டிபிகேட் இருக்கிறது, மாவட்டப் போட்டியும் இருக்கிறது.

பின்னலையும் ஒரு வகுப்பாக்கிவிடாதீர்கள் என்றுதான் பயந்துகொண்டே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு ‘ஞாயிற்றுக்கிழமை நிட்டிங் கிளாஸ் எங்கே இருக்கிறது’ என்று விசாரிக்கக்கூடிய ஆட்கள்தான் நாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஊசிகூட வேண்டாம். தடித்த நூலை நான்கு விரலில் முன்னும் பின்னுமாகக் கோத்து, கீழ்க் கண்ணியைத் தூக்கி விரலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் கயிறுபோல் ஒரு பின்னல் இறங்கும். இரண்டு மூன்று தடவை காட்டினால் பிடித்துக்கொள்ளும். கோணலாகத்தான் வரும். நடுவில் ஓட்டை விழும். ‘குடு, நான் சரி பண்ணித் தர்றேன்’ என்று நாக்கு நுனி வரை வரும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அந்தப் பின்னல் பொம்மைக்கு மப்ளராகும், சைக்கிள் மணிக்குக் கட்டாகும், ஒன்றுமே ஆகாமலும் போகும். பையனாக இருந்தால் ‘பொம்பளப் பிள்ளை வேலை’ என்று சிரிக்க ஒரு மாமா எப்படியும் வருவார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

பெரியவர்கள் பின்னுவதானால், இரண்டு வயதுப் பிள்ளையின் கையில்லாத ஸ்வெட்டருக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக நூல் இருந்தால் போதும். அளவெடுக்க டேப்பை எடுக்கும்போது பிள்ளையின் டியூஷன் நேரத்தைப் பார்க்காமல் விளையாடி முடித்த நேரமாகப் பாருங்கள், சிரித்துக்கொண்டே நிற்கும். இன்னும் ஒன்று. கடையில் நூல் எடுக்கும்போது பிள்ளையையும் கூட்டிப்போங்கள். அது அடர் ஊதாவையோ பளீர் மஞ்சளையோ பிடித்துக்கொண்டு விடாது. உங்களுக்கு மனசு கருநீலத்திலேயே இருக்கும், அதுதான் அழுக்குத் தெரியாது, யூனிபார்முக்கும் பொருந்தும் என்று. கடைக்காரர் இரண்டு கண்டையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். எதைக் கட்டச் சொல்வீர்கள்?